ஒரு விண்மீன் திரள் வளர்வதை யாரும் பார்த்ததில்லை. அதன் வரலாற்றை எப்படி எழுதுகிறார்கள்?

மன்னை இயற்பியல்:

அனைவருக்கும் வணக்கம். மன்னார்குடி அருகே மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்துகிறேன். விண்மீன் திரள்களின் வகைகளைச் சொல்லும்போது, எட்வின் ஹப்பிள் 1936இல் வெளியிட்ட வகைப்பாட்டுப் படத்தைக் கரும்பலகையில் வரைவது என் வழக்கம்: ஒரு புறம் நீள்வட்டத் திரள்கள், மறுபுறம் இரு கிளைகளாகப் பிரியும் சுருள் திரள்கள். இந்த முறை ஒரு மாணவர், "இவற்றுள் எது எதுவாக மாறும்?" என்று கேட்டார். படம் உருவத்தை வைத்துப் பிரித்ததே தவிர வயதை வைத்துப் பிரித்ததன்று என்று சொன்னேன். அதற்கு அவர் கேட்ட அடுத்த கேள்விக்காகத்தான் இங்கே எழுதுகிறேன். சூரியன் பால்வீதியை ஒருமுறை சுற்றிவரவே ஏறத்தாழ 23 கோடி ஆண்டுகள் ஆகுமென்றால், ஒரு திரள் பிறந்து வளர்ந்து ஓய்வதை மனிதர் எவரும் பார்த்திருக்க முடியாது. பிறகு எந்தத் துணிவில் அதன் வரலாற்றைச் சொல்கிறார்கள் என்கிறார். ஒப்புக்கு ஒரு விடை சொல்லி அனுப்ப மனம் வரவில்லை. ஆய்வாளர்கள் உண்மையில் எந்த வழியாக அந்த முடிவுகளுக்கு வந்து சேர்ந்தார்கள் என்பதைத் தெரிந்தவர்கள் விளக்கினால் வகுப்பில் அப்படியே எடுத்துச் சொல்வேன்.

கோடியக்கரை வானம்:

முதல் வழி ஒளியின் வேகம், டீச்சர். ஆண்ட்ரோமெடா திரளிலிருந்து இன்று நம் கண்ணை வந்தடையும் ஒளி 25 லட்சம் ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டது. தொலைவு கூடக் கூட, நாம் பார்ப்பது அவ்வளவுக்கு முந்தைய காலம். 1995 டிசம்பரில், சப்தரிஷி மண்டலத்தில் வெறுமையாகத் தெரிந்த ஒரு சிறு துண்டு வானத்தின் மீது ஹப்பிள் தொலைநோக்கியைப் பத்து நாள் நிறுத்தி வைத்தார்கள். அதை இயக்கும் நிறுவனத்தின் இயக்குநராக இருந்த ராபர்ட் வில்லியம்ஸ், இயக்குநர் என்ற முறையில் தமக்கு ஒதுக்கப்பட்டிருந்த நேரத்தை இதற்குக் கொடுத்தார். கிடைத்த படத்தில் ஏறத்தாழ 3,000 திரள்கள் இருந்தன. அருகில் உள்ளவை ஒழுங்கான சுருள்களாகவும் நீள்வட்டங்களாகவும் இருக்க, மிகத் தொலைவில் உள்ளவை சிறியனவாக, உருவம் குலைந்தவையாக, ஒளிக்கட்டிகள் சிதறிக் கிடப்பவைபோல் இருந்தன. திரள்கள் காலப்போக்கில் மாறியிருக்கின்றன என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

திருவையாற்றுப் பொறியாளர்:

கோடியக்கரைத் தம்பி சொன்னதில் ஒரு பாதியை ஏற்கிறேன், மறுபாதியை ஏற்க முடியவில்லை. அக்காலத்தில் இருந்த திரள்கள் இன்றுள்ளவற்றைப் போல் இல்லை என்பது அந்தப் படத்திலிருந்து தெரிகிறது. ஆனால் படத்தில் இருக்கும் தொலைதூரத் திரள் வேறு, நம் அருகில் இருக்கும் திரள் வேறு. முன்னது பின்னதாக ஆயிற்று என்று எப்படிச் சொல்வது? அந்தச் சிறு திரள்களில் சில அழிந்திருக்கலாம், சில ஒன்றோடொன்று சேர்ந்திருக்கலாம், வேறு சில இன்றும் சிறியனவாகவே இருந்து நம் கண்ணில் படாமலும் போயிருக்கலாம். பொதுப்பணித் துறையில் பல காலம் ஆற்று அளவீடுகளோடு பழகியவன் என்பதால் கேட்கிறேன்: ஒரே இடத்தில் தொடர்ந்து எடுத்த அளவீடு இல்லாமல் ஒரு போக்கைச் சொல்வதற்கு வேறு ஏதேனும் பிடிமானம் இருக்க வேண்டும். அது என்ன?

அரசலாறு:

ஐயா எழுப்பிய தடையை இத்துறையில் உள்ளவர்களே இன்றும் தங்களுக்குள் எழுப்பிக்கொள்கிறார்கள். ஒரு காலத்துத் திரள்களோடு இன்னொரு காலத்துத் திரள்களை ஒப்பிடும்போது, எவை எவற்றின் முன்னோர் என்று தேர்ந்தெடுப்பதிலேயே முடிவு சாய்ந்துவிடக்கூடும். நான் திரள்களின் நிறமாலையை, அதாவது ஒளியை அலைநீள வாரியாகப் பிரித்த பதிவை, வைத்து ஆய்வு செய்பவன், சொந்த ஊர் கும்பகோணம். என்னைக் கேட்டால், ஐயா தேடும் பிடிமானத்தை முதலில் முறையாகக் கட்டிக் கொடுத்தவர் பீட்ரிஸ் டின்ஸ்லி என்பேன்.

இங்கிலாந்தில் பிறந்து நியூசிலாந்தில் வளர்ந்த அவர், அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காகச் செய்த ஆய்வு 1968இல் கட்டுரையாக வெளிவந்தது. அதன் அடிப்படை எளியது. ஒரு விண்மீனின் ஆயுளை அதன் நிறை தீர்மானிக்கிறது. சூரியனைப் போல் 20 மடங்கு நிறையுள்ள நீல மீன் ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டுகளில் முடிந்துபோகும். சூரியனுக்கு ஆயுள் சுமார் 1,000 கோடி ஆண்டுகள். அதைவிடச் சிறிய சிவப்பு மீன்கள், பேரண்டத்தின் வயதான 1,380 கோடி ஆண்டுகளையும் தாண்டி எரியும். ஆகவே ஒரே நேரத்தில் பிறந்த மீன்களின் கூட்டம், முதலில் நீலமாகவும் பிரகாசமாகவும் இருந்து, நீல மீன்கள் மடிய மடியச் சிவந்து மங்கும். எந்த வயதில் எந்த நிறம் என்பதைக் கணக்கிட்டுவிடலாம். டின்ஸ்லி இதோடு நிற்கவில்லை. மடியும் மீன்கள் வெளியே கொட்டும் கனமான தனிமங்கள், அவை கலந்த வாயுவிலிருந்து பிறக்கும் அடுத்த தலைமுறை, அதனால் குறைந்துவரும் வாயு இருப்பு ஆகிய எல்லாவற்றையும் சேர்த்து, ஒரு முழுத் திரளைப் படிப்படியாகக் காலத்தில் முன்னோக்கி நடத்திக் காட்டினார்.

இதற்கு எதிர்ப்பும் இருந்தது. பேரண்டம் விரிவதன் வேகம் குறைந்துவருவதாக அன்று கருதினார்கள்; எவ்வளவு குறைகிறது என்பதை அளக்க, ஆலன் சாண்டேஜ் போன்ற பெரியவர்கள் ராட்சத நீள்வட்டத் திரள்களின் பிரகாசத்தை நம்பியிருந்தார்கள். அந்தத் திரள்கள் முன்பு இன்றைவிடப் பிரகாசமாகவே இருந்திருக்க வேண்டும், அந்த மாற்றத்தைக் கழிக்காமல் அளவுகோலாகப் பயன்படுத்த முடியாது என்று டின்ஸ்லி வாதாடினார். அவர் வாதம்தான் நிலைத்தது. 1978இல் யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1981இல் புற்றுநோயால் இறந்தபோது வயது நாற்பது. இன்று ஒரு திரளின் நிறத்தைக் கொண்டு அதன் வயதைச் சொல்லும் எவரும் அவர் போட்ட பாதையில்தான் நடக்கிறோம். மாணவர்களுக்கு ஹப்பிளின் பெயரோடு இவர் பெயரையும் சொல்லிக்கொடுங்கள், டீச்சர்.

நடைமுறையில் இது எப்படி இருக்கும் என்பதையும் சொல்கிறேன். ஒரு நீள்வட்டத் திரளின் நிறமாலையைத் திரையில் விரித்தால், 4,000 ஆங்ஸ்ட்ராம் (ஒளியின் அலைநீளத்தை அளக்கும் அலகு) அருகே ஒளி சட்டென ஒரு படி இறங்குவது தெரியும். அந்தப் படியின் நீலப் பக்கத்தில் 3,934, 3,969 ஆகிய இடங்களில், கால்சியம் உறிஞ்சியதால் ஏற்பட்ட இரண்டு ஆழமான பள்ளங்கள் அடுத்தடுத்து நிற்கும். இவை முதிய மீன்களின் கையெழுத்து. புதிதாக மீன்கள் பிறந்துகொண்டிருக்கும் சுருள் திரளை எடுத்தால் அந்தப் படி ஆழமாக இராது, நீல முனை மேலே எழும், 6,563இல் ஹைட்ரஜனின் சிவப்புக் கோடு ஊசிபோல் நிமிர்ந்து நிற்கும். பக்கத்தில் சூடான இளம் மீன்கள் இருந்தால்தான் அந்தக் கோடு அப்படி எழும். ஆக, ஒரே ஒரு முறை எடுத்த அளவீட்டுக்குள்ளேயே பல காலத்துப் பிறப்புகளின் பதிவு இருக்கிறது.

ஐயா கேட்ட சான்று இங்கிருந்து கிடைக்கிறது. இன்று அருகில் உள்ள திரள்களின் மீன்களை வயதுவாரியாகப் பிரித்தால், எந்தக் காலத்தில் எவ்வளவு பிறந்திருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு வரும். தொலைதூரத் திரள்களில் அந்தந்தக் காலத்தில் நேரடியாகப் பிறந்துகொண்டிருப்பதை அளந்தால் இன்னொரு கணக்கு வரும். தனித்தனியாகச் செய்யப்படும் இவ்விரண்டும் பெருமளவு ஒத்துப்போகின்றன: மீன் பிறப்பு ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன் உச்சத்தில் இருந்தது, அதன்பின் தொடர்ந்து குறைந்து இன்று அதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வந்திருக்கிறது. எந்தத் தனித் திரள் எதுவாயிற்று என்று காட்ட முடியாவிட்டாலும், மொத்தக் கூட்டத்தின் வரலாறு இரு பக்கமும் சரிபார்க்கப்பட்ட ஒன்று.

மயூரத்து மாணவி:

அரசலாறு அண்ணாவுக்கு மிக்க நன்றி. நான் மயிலாடுதுறையில் இளநிலை இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். திரள்கள் மோதிச் சேர்வதால்தான் நீள்வட்டத் திரள்கள் உருவாகின்றன என்று ஒரு காணொளியில் பார்த்தேன். இதையும் யாரும் கண்ணால் பார்த்திருக்க முடியாது அல்லவா? இதற்கும் ஒளியின் நிறம்தான் சான்றா?

கோடியக்கரை வானம்:

மோதி முடிந்த ஒரு திரளை நம் பகுதியிலிருந்தே பார்க்கலாம், தங்கையே. சித்திரை மாதத்தில், நிலவில்லாத நள்ளிரவையொட்டி, கோடியக்கரைக் கடற்கரையில் தெற்கு நோக்கித் தொலைநோக்கியை வைத்தால், அடிவானிலிருந்து முப்பத்தைந்து பாகைக்கு மேல் சென்டாரஸ் ஏ நிற்கும். ஏறத்தாழ 1.2 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ள திரள் இது. எட்டு அங்குல ஆடியிலேயே வட்டமான மங்கல் ஒளி ஒன்று தெரியும். கண் இருட்டுக்குப் பழகியபின் நேராகப் பார்க்காமல் சற்றே பக்கவாட்டில் பார்த்தால், அந்த வட்டத்தின் குறுக்கே கறுப்புப் பட்டை ஒன்று ஓடி அதை இரண்டாகப் பிளப்பது தெரியும். நீள்வட்டத் திரளில் அத்தனை தூசிக்கு இடமில்லை. வாயுவும் தூசியும் நிறைந்த ஒரு சுருள் திரளை அது விழுங்கியதன் மிச்சம்தான் அந்தப் பட்டை. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இருப்பவர்களுக்கு இது அடிவானத்துக்குக் கீழே போய்விடும். நமக்கு வாய்த்திருப்பதைப் பலர் உணர்வதில்லை என்ற வருத்தம் எனக்கு எப்போதும் உண்டு.

மோதல் நடந்துகொண்டிருப்பதையும் காட்டலாம். அஸ்த நட்சத்திரம் இருக்கும் காக விண்மீன் கூட்டத்தில், நீண்ட இரு வால்களோடு பின்னிக் கிடக்கும் இரட்டைத் திரள் ஒன்று உண்டு. அதன் வடிவத்தால் அதை உணர்கொம்புகள் என்கிறார்கள். அலார் டூம்ரே, யூரி டூம்ரே என்ற சகோதரர்கள் 1972இல், அக்காலத்துச் சிறிய கணினியில், ஈர்ப்பு விசையை மட்டும் வைத்து இரண்டு வட்டுகளை ஒன்றையொன்று நெருங்க விட்டபோது அதே வால்கள் கிடைத்தன. டின்ஸ்லி இங்கேயும் வருகிறார். 1978இல் அவரும் ரிச்சர்ட் லார்சனும், உருக்குலைந்த திரள்களின் நிறங்களை இயல்பான திரள்களின் நிறங்களோடு ஒப்பிட்டு, மோதும் திரள்களில் மீன் பிறப்பு திடீரெனப் பொங்கி எழுகிறது என்று காட்டினார்கள். ஆகவே வடிவம், நிறம் இரண்டும் ஒரே கதையைச் சொல்கின்றன.

திருவையாற்றுப் பொறியாளர்:

இரண்டு கணக்குகள் ஒத்துப்போகின்றன என்றதும் எனக்கு மனம் நிறைந்தது. இப்போது என் தொழில் புத்தியோடு அடுத்ததைக் கேட்கிறேன். மேட்டூர் அணையைப் பொறுத்தவரை நாங்கள் மூன்றைத்தான் பார்ப்போம்: நீர்வரத்து, இருப்பு, திறப்பு. ஜூன் 12ஆம் தேதி குறுவைக்குத் திறக்க முடியுமா என்பதை அன்றைய இருப்பு சொல்லும். சம்பாவின் கடைமடை வரை தாங்குமா என்பதை அதன் பிறகு வரும் வரத்துதான் சொல்லும். திரள்களில் பிறப்பு பத்தில் ஒன்றாகக் குறைந்தது என்கிறீர்கள். இருப்பு தீர்ந்ததாலா, வரத்து நின்றதாலா, அல்லது வாயு இருந்தும் பயன்படாமல் போனதாலா?

அரசலாறு:

ஐயா, இத்துறையின் கோட்பாட்டாளர்கள் திரளின் வளர்ச்சியைச் சமன்பாடாக எழுதுவதும் ஏறத்தாழ இந்த முறையில்தான். உள்ளே விழும் வாயு, மீனாகும் வாயு, வெளியே தள்ளப்படும் வாயு, இவற்றுக்கிடையே மிஞ்சும் இருப்பு. அணையோடு ஒத்துப்போகாத இடம் ஒன்று உண்டு: அணையிலிருந்து திறந்த நீர் திரும்பி வராது, இங்கே விண்மீன் வெடிப்புகள் வெளியே வீசிய வாயுவில் ஒரு பகுதி குளிர்ந்து மீண்டும் திரளுக்குள் விழுகிறது.

உங்கள் கேள்விக்கு நல்ல விடை ஒன்று நம் நாட்டிலேயே கிடைத்தது. ஹைட்ரஜன் வாயு 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில் மிக மெல்லிய வானொலி அலையை வெளியிடும். தொலைதூரத் திரள் ஒன்றிலிருந்து வரும் இந்த அலை தனியாகப் பிடிபடாத அளவுக்கு மங்கலானது. புனே அருகே 30 பெரும் அலைவாங்கிகளைக் கொண்ட ஜிஎம்ஆர்டி தொலைநோக்கியில், 7,653 திரள்களின் அலைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து, சுமார் 800 கோடி ஆண்டுகளுக்கு முன் திரள்களில் சராசரியாக எவ்வளவு வாயு இருந்தது என்று 2020இல் அளந்தார்கள். அலை நம்மை வந்தடையும்போது பேரண்ட விரிவால் ஏறத்தாழ 42 சென்டிமீட்டராக நீண்டிருக்கும். முடிவு என்னவென்றால், அன்றைய திரள்களில் வாயு நிறையவே இருந்தது, ஆனால் அவை மீன்களை உருவாக்கிய வேகத்துக்கு அந்த இருப்பு நூறு முதல் இருநூறு கோடி ஆண்டுகளுக்குத்தான் போதும். அதன்பின் பிறப்பு குறைந்ததைக் காண்கிறோம் என்றால், வெளியிலிருந்து வந்த வாயு செலவுக்கு ஈடு கொடுக்கவில்லை என்று பொருள். வரத்து குறைந்ததுதான் முதன்மைக் காரணம் என்பது இதிலிருந்து வலுவாகத் தெரிகிறது. சராசரியாக எடுத்த அளவீடு என்பதால் ஒரு குறிப்பிட்ட திரளுக்கு இதை அப்படியே பொருத்தக் கூடாது.

மூன்றாவதாக, வாயு இருந்தும் பயன்படாமல் போவதைக் கேட்டீர்கள். அதுவும் நடக்கிறது. பெரும் நீள்வட்டத் திரள்களைச் சுற்றி, கோடிக்கணக்கான பாகை வெப்பத்தில் வாயு சூழ்ந்திருப்பதை எக்ஸ் கதிர்ப் படங்கள் காட்டுகின்றன. குளிர்ந்தால்தான் அது உள்ளே விழுந்து மீனாகும். பெர்சியஸ் என்ற திரள்களின் கூட்டத்தின் நடுவில் உள்ள திரளில், மையக் கருந்துளை வீசும் தாரைகள் அந்த வாயுவில் பெருங்குமிழிகளை ஊதியிருப்பது சந்திரா தொலைநோக்கியின் படங்களில் தெளிவாகத் தெரிகிறது. அந்த வெப்பம்தான் குளிர்தலைத் தடுக்கிறது என்று பலரும் கருதுகிறார்கள்.

மன்னை இயற்பியல்:

வகுப்புக்குத் தேவையானது கிடைத்துக்கொண்டே வருகிறது. பால்வீதியைப் பற்றி மட்டும் ஒன்று கேட்கிறேன். நாம் உள்ளேயே இருக்கிறோம் என்பதால் இதன் வரலாற்றை மற்றவற்றைவிட நன்றாகச் சொல்ல முடிகிறதா?

அரசலாறு:

முடிகிறது, ஏனென்றால் இங்கு மீன்களைத் தனித்தனியே அளக்கலாம். இதில் ஒரு நீண்ட வாதம் நடந்தது. 1962இல் எக்கன், லிண்டன்பெல், சாண்டேஜ் மூவரும், பெரும் வாயு மேகம் ஒன்று வேகமாகச் சுருங்கியதால் பால்வீதி உருவானது என்றார்கள். 1978இல் சியர்ல், சின் என்ற இருவரும், சிறு துண்டுகள் நீண்ட காலத்தில் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்து, பால்வீதியின் வட்டைச் சூழ்ந்த புறப்பகுதி உருவானது என்றார்கள். 2013இல் ஏவப்பட்ட கையா விண்கலம், நூறு கோடிக்கும் மேற்பட்ட மீன்களின் இடத்தையும் நகர்வையும் அளந்து 2018 ஏப்ரலில் தரவுகளை வெளியிட்டது. அவற்றிலிருந்து, சூரியனுக்கு அருகே கடந்துபோகும் புறப்பகுதி மீன்களில் பெரும்பங்கு, ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன் நம்மோடு மோதி அழிந்த ஒரே திரளிலிருந்து வந்தவை என்று கண்டறிந்தார்கள். அம்மீன்கள் நீண்டு குறுகிய பாதைகளில், மையத்தை நோக்கி விழுந்து மீள்பவைபோல் ஓடுகின்றன. அவற்றின் தனிமச் சேர்க்கையும் பால்வீதியில் பிறந்தவற்றிலிருந்து மாறுபடுகிறது. அழிந்த அந்தத் திரளுக்குக் கையா எஞ்சலேடஸ் என்று பெயரிட்டார்கள். ஒரு திரளின் தனிப்பட்ட வரலாற்றில் ஒரு நிகழ்வைக் காலத்தோடு சுட்டிக்காட்ட முடிந்தது என்பதால், ஐயாவின் முதல் கேள்விக்கும் இது ஒரு விடை.

கோடியக்கரை வானம்:

இதோடு சேர்த்துப் பார்க்க இரண்டு உண்டு. சென்டாரஸ் ஏ இருக்கும் பக்கத்திலேயே, வெறும் கண்ணுக்கு மங்கிய மீனாகத் தெரியும் ஒமேகா சென்டாரி. ஒரு கோடி மீன்கள் அடர்ந்த கோளக் கொத்து என்று சொல்கிறோம். ஆனால் அதன் மீன்கள் ஒரே வயதினவாக இல்லை, ஒரே தனிமச் சேர்க்கை கொண்டவையாகவும் இல்லை. முன்னொரு காலத்தில் பால்வீதி விழுங்கிய குறுந்திரள் ஒன்றின் மையம்தான் அது என்பது பல ஆய்வாளர்களின் கருத்து.

மற்றொன்று பெரிய மெகல்லன் மேகம். வடகிழக்குப் பருவமழை விலகிய ஜனவரி இரவில், தெற்கே அகத்திய நட்சத்திரத்துக்கும் கீழே, கடலுக்குப் பத்துப் பாகை உயரத்தில் அது மங்கலாக வந்து போகும். காற்றில் உப்பும் ஈரமும் குறைவாக இருக்கும் இரவாக அமைய வேண்டும். 1.6 லட்சம் ஒளியாண்டு தொலைவில் உள்ள இந்தத் திரளிலிருந்தும் அதன் சிறிய துணையிலிருந்தும் பிய்த்தெடுக்கப்பட்ட ஹைட்ரஜன் ஓடை ஒன்று, வானில் நூறு பாகைக்கு மேல் நீண்டு கிடக்கிறது. பொறியாளர் ஐயா கேட்ட வரத்தில் ஒரு பகுதி, நம் பால்வீதிக்கு இனி இதிலிருந்துதான் வரப்போகிறது.

மயூரத்து மாணவி:

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி வந்தபின் இந்தக் கோட்பாடுகள் எல்லாம் உடைந்துவிட்டன, பெருவெடிப்பே தவறு என்று செய்திகள் வருகின்றனவே, அண்ணா. எங்கள் கல்லூரியிலும் இதையே பேசுகிறார்கள்.

அரசலாறு:

அப்படிப்பட்ட தலைப்புகள் எனக்கு மிகுந்த வேதனை தருகின்றன, ஏனென்றால் உண்மையான கேள்வி அவற்றைவிடச் சுவையானது. 2021 டிசம்பர் 25இல் ஏவப்பட்ட அந்தத் தொலைநோக்கி, பெருவெடிப்புக்குப் பின் சுமார் 29 கோடி ஆண்டுகளிலேயே பிரகாசமாக ஒளிர்ந்த திரளை 2024இல் காட்டியது. அதில் ஆக்சிஜன் இருப்பதை 2025இல் சிலியில் உள்ள ஆல்மா தொலைநோக்கி கண்டறிந்தது. ஆக்சிஜன் இருக்கிறதென்றால், பெரும் மீன்களின் ஒரு தலைமுறை அதற்குள் பிறந்து மடிந்திருக்க வேண்டும். எதிர்பார்த்ததைவிடப் பிரகாசமான திரள்கள் எதிர்பார்த்ததைவிட அதிக எண்ணிக்கையில் இருக்கின்றன என்பது மெய். ஆனால் பிரகாசம் வேறு, நிறை வேறு. தொடக்க காலத்தில் மீன் பிறப்பு விட்டுவிட்டுப் பொங்கியிருந்தால், அல்லது நிறை மிகுந்த மீன்கள் அதிக விகிதத்தில் பிறந்திருந்தால், குறைந்த நிறையிலேயே அந்தப் பிரகாசம் கிடைத்துவிடும். கருந்துளையைச் சுற்றிய வாயுவின் ஒளியும் சிலவற்றில் கலந்திருக்கலாம். கேள்வி, வாயு எவ்வளவு விரைவாக மீன்களாக மாறியது என்பதைப் பற்றியது. பேரண்டம் விரிகிறதா என்பதைத் தொடவே இல்லை.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது, புனேயில் உள்ள தேசிய வானொலி வானியற்பியல் மைய ஆய்வாளர்கள் 2025இல் அறிவித்த அலக்நந்தா திரள். பெருவெடிப்புக்குப் பின் 150 கோடி ஆண்டுகளிலேயே, இரண்டு தெளிவான சுருள் கரங்களோடு, ஏறத்தாழ 30,000 ஒளியாண்டு அகலத்துக்கு அமைதியான வட்டு ஒன்று உருவாகியிருக்கிறது. 1995இல் எடுத்த அந்த ஹப்பிள் ஆழ்படம் காட்டிய குலைந்த உருவங்கள் மட்டுமே அக்காலத்தின் முழுக் கதை அன்று என்பது இதனால் தெரிகிறது.

திருவையாற்றுப் பொறியாளர்:

இதுவரை சொன்னவற்றில் எது உறுதி, எது இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது என்று பிரித்துச் சொன்னால், பிள்ளைகளுக்குச் சொல்லும்போது டீச்சருக்கும் உதவியாக இருக்கும்.

அரசலாறு:

மீன் பிறப்பு உச்சத்தை அடைந்து குறைந்தது, திரள்கள் மோதிச் சேர்ந்தது, பால்வீதி ஒரு பெரிய துணையை விழுங்கியது ஆகியவற்றை நான் தயக்கமில்லாமல் சொல்வேன். பெரும் திரள்களில் பிறப்பு நின்றுபோனதும் உறுதி. எது அதை நிறுத்தியது என்பதில்தான் இன்னும் தெளிவு வேண்டும். கருந்துளையின் அருகே நடப்பது ஒரு முழுத் திரளோடு ஒப்பிடும்போது மிகமிகச் சிறிய பரப்பில் நடப்பதால், கணினி மாதிரிகளில் அதை நேரடியாகக் கணக்கிட முடியாது. ஒரு விதியாக எழுதிச் சேர்த்து, அந்த விதியின் எண்களை இன்றைய திரள்களோடு ஒத்துவரும்படி சரிசெய்கிறார்கள். அவ்வாறு சரிசெய்த மாதிரி இன்றைய திரள்களைச் சரியாகக் காட்டுகிறது என்பதைத் தனிச் சான்றாகக் கொள்ள நான் உடன்படமாட்டேன். அது சரிசெய்யப்படாத இன்னொன்றைச் சரியாகக் கணிக்கும்போதுதான் அதற்கு மதிப்பு. ஆண்ட்ரோமெடா நம்மோடு மோதுவதையும் முன்பு உறுதி என்றே எழுதினார்கள். 2025இல் வந்த கணக்கு, அடுத்த 1,000 கோடி ஆண்டுகளில் இரண்டும் ஒன்றாகச் சேர்வதற்குப் பாதிக்குப் பாதிதான் வாய்ப்பு என்கிறது.

மன்னை இயற்பியல்:

அனைவருக்கும் நன்றி. கேள்வி கேட்ட மாணவரும் அவர் நண்பர்களும் இதைத் தாங்களே செய்து பார்க்க வழி உண்டா? பள்ளியில் கணினியும் இணையமும் இருக்கின்றன.

அரசலாறு:

உண்டு, டீச்சர். வானத்தின் பெரும்பகுதியைப் படமெடுத்துப் பட்டியலிட்ட ஸ்லோன் வான்கணிப்பின் தரவுகள் எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் இருக்கின்றன. அதன் ஸ்கைசெர்வர் தளத்தில், செந்நகர்ச்சி (பேரண்ட விரிவால் ஒளி சிவப்பை நோக்கி நீண்டிருக்கும் அளவு) 0.03க்கும் 0.05க்கும் இடைப்பட்ட சில நூறு திரள்களை எடுக்கச் சொல்லுங்கள். இடைவெளியைக் குறுக்கினால்தான் தொலைவு வேறுபாடு முடிவைக் குழப்பாது. ஒவ்வொன்றுக்கும் யூ (புற ஊதா) வடிகட்டியில் உள்ள ஒளியளவெண்ணிலிருந்து, அதாவது பிரகாசத்தைக் குறிக்கும் எண்ணிலிருந்து, ஆர் (சிவப்பு) வடிகட்டியில் உள்ளதைக் கழித்து, கிடைக்கும் எண்களைப் பட்டைப்படமாக வரைய வேண்டும். ஒரு மேடு வராமல் இரண்டு மேடுகள் வரும், 2.2ஐ ஒட்டி நடுவே பள்ளம் விழும். பள்ளத்துக்கு நீலப் பக்கம் பெரும்பாலும் சுருள்கள், சிவப்புப் பக்கம் பெரும்பாலும் நீள்வட்டங்கள். ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் சில திரள்களின் நிறமாலையைத் திறந்து, நான் சொன்ன கால்சியப் பள்ளங்களையும் 6,563 கோட்டையும் அவர்களே தேடட்டும்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். விளிம்பு நம்மை நோக்கி நிற்கும் சுருள் திரள்களில், தூசி நீல ஒளியை மறைத்துவிடும். அவை வயதாகாமலே சிவப்புப் பக்கம் போய் உட்காரும். ஆகவே குறுக்கச்சுக்கும் நெடுக்கச்சுக்கும் உள்ள விகிதம் 0.5க்குக் கீழே இருக்கும் திரள்களை முதலில் ஒதுக்கிவைத்துவிட்டு வரையச் சொல்லுங்கள், பிறகு அவற்றையும் சேர்த்து இன்னொரு முறை வரையச் சொல்லுங்கள்.